தி ஈவில் விதின் 2: கொன்றால் லாபமா, நஷ்டமா?

குறைந்த தோட்டா, மருந்தோடு உயிர்பிழைக்க வேண்டிய திகில் வீடியோ கேமை சர்வைவல் ஹாரர் என்பார்கள். அப்படி ஒரு கேமின் இரண்டாம் பாகம் வெளியானால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: முதல் பாகத்தைவிடப் பயமா இருக்கா? இதற்கு யாரும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. ஒருவர் அலறும் இடத்தில் இன்னொருவர் கொட்டாவி விடுவார். அளந்து பார்க்கக்கூடிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. ஓர் எதிரியைக் கொன்று முடித்த பிறகு உங்கள் கையிருப்பு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

1998-ல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2-ல் ஜாம்பியைச் சாய்த்தால் ஒன்றும் கிடைக்காது. போன தோட்டா போனதுதான். அதனால்தான் கதை நடக்கும் போலீஸ் நிலையத்தின் குறுகலான நடைபாதையில் சுடுவதா, சுவரோரம் ஒட்டி நழுவிப் போவதா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருந்தது. 2001-ன் சைலண்ட் ஹில் 2-லும் அப்படித்தான், அடித்துப் போட்டதால் எந்த வரவும் இல்லை. 2005-ல் ரெசிடென்ட் ஈவில் 4 இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. செத்து விழும் கிராமத்தான் தோட்டாவையோ காசையோ போட்டுவிட்டுப் போவான். கொல்வது அங்கே சம்பாத்தியம். அது அற்புதமான கேம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஹாரர் கேம்கள் பலவும் இந்த வரவுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு பயத்தைத் தொலைத்தன.

அந்த நாலாம் பாகத்தை இயக்கிய ஷின்ஜி மிகாமி 2010-ல் டோக்கியோவில் டாங்கோ கேம்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, 2014 அக்டோபரில் தி ஈவில் விதின் கேமைக் கொண்டுவந்தார். ஜப்பானில் அதன் பெயர் சைக்கோபிரேக். மூன்று ஆண்டு கழித்து, 2017 அக்டோபர் 13 வெள்ளிக்கிழமை, இரண்டாம் பாகம் வந்தது. இந்த முறை மிகாமி மேற்பார்வையோடு நின்றுகொண்டார். இயக்கம் ஜான் ஜொஹானஸ். முதல் கேமுக்குப் பின்னர் தனியாக வந்த கூடுதல் அத்தியாயங்களில் (டிஎல்சி) தி அசைன்மென்ட், தி கான்சிக்வென்ஸ் இரண்டையும் இயக்கியவர் அவர். அந்த இரண்டையும் ஆடியவர்களுக்கு இரண்டாம் பாகம் எங்கிருந்து முளைத்தது என்று உடனே புரியும். அவற்றின் நாயகி ஜூலி கிட்மன் பெரும்பாலான நேரம் துப்பாக்கி இல்லாமல், டார்ச்சை அடித்துக்கொண்டு, மறைவிலிருந்து மறைவுக்கு நகர்வாள். இரண்டாம் பாகத்தின் ஸ்டெல்த், அதாவது பதுங்கி ஆடும் முறை, அங்கே பழகிய கையின் வேலை.

முதல் பாகத்தின் குறைகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகத் திருத்தியது போலத்தான் இது தோன்றும். அதில் திரைக்கு மேலும் கீழும் தடித்த கறுப்புப் பட்டை இருந்தது, சினிமா மாதிரி இருக்கட்டும் என்று. அதனால் காலடியில் இருக்கும் கண்ணிவெடி தெரியாது. நாயகன் செபாஸ்டியன் மூன்று விநாடி ஓடினாலே முட்டியில் கை வைத்துக் குனிந்து மூச்சு வாங்குவார். ஒரே அடியில் சாவு வரும் இடங்கள் ஏராளம். அவற்றில் எதைச் செய்யக்கூடாது என்பதைச் செத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கதையோ பாதிக்கு மேல் யாருக்கும் பிடிபடவில்லை. இரண்டாம் பாகத்தில் பட்டை போய்விட்டது, ஓட்டம் சீரானது, ஒரே அடிச் சாவு குறைந்தது, கதை ஒரே வரியில் சொல்லக்கூடியதானது: தீயில் செத்துப்போனாள் என்று நம்பிய மகள் லில்லி உயிரோடு இருக்கிறாள். பலரின் மனங்களை ஒரே கனவுலகில் இணைக்கும் ஸ்டெம் என்ற கருவியின் மையமாக அவளை மோபியஸ் என்ற ரகசிய அமைப்பு வைத்திருக்கிறது. அவளைத் தேடி அப்பா உள்ளே போகிறார்.

திருத்தும்போது ஒரு நல்ல விஷயமும் சேர்ந்து போய்விட்டது. தீக்குச்சி.

முதல் கேமில் விழுந்த எதிரி மறுபடி எழுவான். எழாமல் இருக்க உடலைக் கொளுத்த வேண்டும். தொடக்கத்தில் கையில் ஐந்து தீக்குச்சிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. கொளுத்தும் உடலுக்குப் பக்கத்தில் நிற்கும் மற்றவர்களும் சேர்ந்து எரிவார்கள் என்பதால், ஒருவனைக் கீழே தள்ளி, மற்றவர்கள் நெருங்கி வரும்வரை காத்திருந்து, கடைசி நொடியில் பற்றவைத்து நான்கு பேரை ஒரே குச்சியில் முடிக்கலாம். கஞ்சத்தனமும் துணிச்சலும் ஒன்றாகக் கலந்த ஆட்டம் அது. ஹாரர் கேம்களில் அதற்கு நிகரான யோசனையை அதிகம் பார்க்க முடியாது. இரண்டாம் பாகம் அதை எடுத்துவிட்டது. விழுந்தவனைக் காலால் மிதித்தால் போதும், செலவில்லை. பிணமாகக் கிடந்து ஏமாற்றி எழும் சிலர் இருந்தாலும், ‘இவன் உண்மையிலேயே செத்தானா?’ என்ற நச்சரிப்பு போயே போய்விட்டது. இந்த ஒரு மாற்றத்துக்குத் திருத்தம் என்ற பெயர் பொருந்தாது, நேர் இழப்பு.

இனி ஊருக்கு வருவோம்.

யூனியன் என்பது ஸ்டெம்முக்குள் கட்டப்பட்ட ஒரு செயற்கை அமெரிக்கச் சிற்றூர். மூன்றாம் அத்தியாயத்தில் அதன் குடியிருப்புப் பகுதி முழுவதையும் கேம் நம்மிடம் திறந்துவிடுகிறது. இதுவரை நடைபாதை நடைபாதையாக இழுத்துச் சென்ற ஒரு தொடரில் இது பெரிய முடிவு. எங்கும் சுற்றலாம் என்ற ஓபன் வேர்ல்டு என்று சொல்ல முடியாது. சில தெருக்கள், கொஞ்சம் வீடுகள், கிடங்குகள். ஆனால் எந்த வரிசையில் போவது என்பது நம் பொறுப்பு.

அதற்கு முன் முதல் இரண்டு அத்தியாயங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மாளிகையில் மோபியஸ் ஆள் ஒருவர் தலையில் சுடப்படும் கணத்திலேயே உறைந்து நிற்கிறார். முழுதாக உறைந்திருந்தால் தேவலை. நீலக் கண்ணாடிக்குள் அடைத்தது போல, தலை சிதறும் அந்த ஒரு நொடி முன்னும் பின்னும் போய்வந்துகொண்டே இருக்கிறது. ரத்தத் துளிகள் வெளியே பறந்து, நின்று, திரும்ப உள்ளே போகின்றன. பக்கத்தில் போய்ச் சுற்றிவந்து பார்க்கலாம், அருங்காட்சியகப் பொருள் மாதிரி. ஸ்டெஃபானோ வாலென்டினி என்ற புகைப்படக்காரனின் வேலை இது. போர்க்களத்தில் படம் எடுக்கப் போய்க் குண்டுவெடிப்பில் ஒரு கண்ணை இழந்தவன், அதற்குப் பிறகு சாவின் கணத்தைத் தவிர வேறெதுவும் கலை இல்லை என்று நினைப்பவன். அடுத்து வருகிறாள் கார்டியன்: பல உடல்களைச் சேர்த்துத் தைத்த உருவம், ஒரு கையில் வட்ட ரம்பம், வாயில் சிரிப்பு. கையில் ஆயுதம் இல்லாமல் ஓடுவதைத் தவிர வழி இல்லை. இதெல்லாம் மிரட்டும் காட்சிகள்தான். ஆனாலும் இங்கே நம் முடிவு என்று எதுவும் கிடையாது. ஓடு என்றால் ஓடுகிறோம். கேமின் உண்மையான பரீட்சை மூன்றாம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது.

அந்த ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு வீடு. சமையலறையில் ஒரு அம்மா, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பையன் வாயில் எதையோ திணித்துக்கொண்டிருக்கிறாள். சாப்பிடு, சாப்பிடு என்கிறாள். பையன் எப்போதோ செத்துவிட்டான். அங்கிருந்து வெளியே வந்தால் தெருவில் லாஸ்ட் என்று அழைக்கப்படும் பிணமாந்தர்கள். ஒருவன் காருக்குப் பக்கத்தில் குனிந்து எதையோ தின்கிறான், இரண்டு பேர் தெருவின் மறுமுனையில். கையில் ஒரு கைத்துப்பாக்கி, சில தோட்டாக்கள்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, சுடுவது. கேம் கற்றுத்தராத ஒரு கணக்கு இங்கே இருக்கிறது. சர்வைவல் என்ற நடுத்தரக் கடின நிலையில் ஒரு லாஸ்ட்டைத் தலையில் சுட்டே வீழ்த்த இரண்டு மூன்று குண்டு வேண்டும். அப்கிரேட் செய்யாத (திறனை மேம்படுத்தாத) செபாஸ்டியனின் குறி ஆடும், எதிரிகளின் தலையும் ஆடும். அதனால் ஐந்து குண்டு என்று வைத்துக்கொள்வதே சரி. சத்தம் கேட்டு மற்ற இருவரும் வருவார்கள். பின்னால் பதுங்கிப் போய்க் கத்தியால் முடித்தாலோ செலவு பூஜ்யம், சத்தமும் இல்லை. மேலும் செத்தவன் பச்சை ஜெல் விட்டுப் போவான். பச்சை ஜெல் என்றால் திறன் அப்கிரேடுக்கான நாணயம்.

எனவே முதலில் வரும் ஜெல்லை எங்கே போடுவது என்பது ஐயத்துக்கு இடமில்லாத விஷயம். எதிரிகள் நுழையாத பாதுகாப்பு வீடுகள் ஊரில் உண்டு. அவற்றின் கண்ணாடி வழியாக செபாஸ்டியனின் பழைய அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே நர்ஸ் டாட்டியானாவின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் ஐந்து பிரிவுகள்: உடல்நலம், ஸ்டெல்த், சண்டை, மீட்சி, ஓட்டத்திறன். பதுங்கி நடக்கும் வேகத்தைக் கூட்டும் அப்கிரேடை முதலில் வாங்குங்கள். எதிரி நடக்கும் வேகத்துக்கு நம் பதுங்கு நடை ஈடு கொடுக்காமல் போவதுதான் தொடக்கத்தில் பாதிக் கொலைகள் கெடுவதற்குக் காரணம். கை எட்டுவதற்குள் அவன் திரும்பிவிடுவான். அடுத்து ஆம்புஷ்: மறைவுக்குப் பின்னால் இருந்தபடியே, மூலையைத் தாண்டி வருபவனை இழுத்துக் குத்தலாம். இதைத் திறக்க முடிந்ததும் வாங்குங்கள், வேறு யோசனையே வேண்டாம். பாட்டில் உடைக்கும் திறனுக்குப் போடும் ஜெல்லும் வீணில்லை. எதிரி பிடித்துக்கொண்டால் கையிலிருக்கும் பாட்டிலை அவன் முகத்தில் உடைத்து விடுபடலாம். இல்லாவிட்டால் பாட்டிலை எறிந்து திசைதிருப்ப மட்டும்தான் முடியும். சண்டைப் பிரிவில் குறி ஆட்டத்தைக் குறைப்பதைத் தவிர மற்றதை ஐந்தாறு அத்தியாயம் தள்ளிப்போடலாம். ஒவ்வொரு பிரிவிலும் மேல்தட்டைத் திறக்கச் சிவப்பு ஜெல் வேண்டும், அது அரிது. அதை ஸ்டெல்த்துக்கே முதலில் செலவழியுங்கள்.

ஆயுதங்களுக்கான நாணயம் வேறு, ஆயுதப் பாகங்கள். இங்கே எல்லோரும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெளித்துவிடுவார்கள். கடைசியில் எந்தத் துப்பாக்கியும் உருப்படியாக இருக்காது. கைத்துப்பாக்கியின் தாக்கும் சக்தி, பிறகு குறுக்குவில்லின் மின்சார அம்பு. இந்த இரண்டிலும் மட்டும் போட்டுக்கொண்டு வந்தால் பாதிக் கேம் வரை தாராளமாகத் தாங்கும். ஷாட்கன் அப்கிரேட் இல்லாமலேயே அருகில் வந்தவனைச் சாய்க்கும், அதற்குச் செலவழிக்க அவசரம் இல்லை.

வார்டன் குறுக்குவில் இந்தக் கேமின் மிகச் சாமர்த்தியமான பொருள். அதன் அம்புகள் ஐந்து வகை: ஹார்பூன், மின்சாரம், புகை, வெடி, உறைபனி. புதியவர்கள் வெடி அம்பைத்தான் விரும்புவார்கள். உண்மையில் புகை அம்புக்கே மதிப்பு அதிகம். கண்டுபிடிக்கப்பட்டு நாலு பேர் துரத்தும்போது காலடியில் ஒன்றை விட்டால் அவர்கள் குருடாகி இருமிக்கொண்டு நிற்பார்கள், ஒவ்வொருவராகக் கத்தியால் முடிக்கலாம். கெட்டுப்போன ஸ்டெல்த்தை மறுபடி ஸ்டெல்த்தாக்கும் ஒரே கருவி இது. மின்சார அம்பு தண்ணீர் தேங்கிய இடத்தில் பட்டால் அதில் நிற்கும் அத்தனை பேரையும் பிடிக்கும். தெருவில் குட்டை தெரிந்தால் முதலில் அங்கே எதிரிகளை வரவழைப்பது பற்றி யோசியுங்கள்.

தோட்டாவையும் அம்பையும் நாமே செய்துகொள்ளலாம். பாதுகாப்பு வீட்டிலுள்ள பணிமேசையில் செய்தால் குறைந்த பொருள் போதும். ஓடும் இடத்திலேயே மெனுவைத் திறந்து செய்தால் அதே தோட்டாவுக்கு வெடிமருந்து கூடுதலாகக் கேட்கும். இந்த விலை வித்தியாசம்தான் கேமில் உள்ள மிக நேர்த்தியான பயக் கருவி என்பேன். ரத்தம் வழிய ஒரு கொட்டகைக்குப் பின்னால் குந்திக்கொண்டு, இப்போதே இரண்டு தோட்டா செய்வதா, இல்லை நூறடி தள்ளியுள்ள வீடு வரை உயிரோடு போய்விட்டால் இதே மருந்தில் இன்னும் கூடுதலாகச் செய்யலாமா என்று கணக்குப் போடும்போது கை உண்மையாகவே வியர்க்கும். எந்த ராட்சசனும் தேவையில்லை.

ஆனால் அந்த வீடு இருப்பதுதான் பிரச்சினையும். உள்ளே ஒரு காபி மெஷின். ஒரு கப் குடித்தால் உயிர் முழுவதும் நிரம்பிவிடும், செலவு ஏதும் இல்லை. மறுபடி காபி இறங்கக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே அடிபட்டால் திரும்பி வா, குடி, போ. மருந்து ஊசிகள் பையில் சேர்ந்துகொண்டே போகும். ஊரில் போன தெரு வழியாகவே திரும்பலாம், சுத்தம் செய்த தெரு சில நேரம் சுத்தமாகவே இருக்கும். கதை நகரும்போது புதிய எதிரிகளை இறக்கிவிடுகிறார்கள் என்பது உண்மை. என்றாலும் அது போதவில்லை. நடைபாதைக் கேமில் பின்வாங்குவதற்கு ஒரு விலை இருந்தது, இங்கே பின்வாங்குவது லாபம். நிதானமாக ஆடத் தெரிந்தவருக்கு வணிகப் பகுதி வரும்போது ஊர் சுற்றுவது வீட்டு வேலைப் பட்டியலை முடிப்பது போல ஆகிவிடுகிறது. கம்யூனிகேட்டர் என்ற ரேடியோ கருவியைத் திருகு, அலைவரிசையைப் பிடி, மோபியஸ் ஆள் பதுக்கிய பொருளை எடு, திரும்பி வந்து செய்.

இந்த இடத்தில் ஒரு பக்கவாட்டுப் பேச்சு. கம்யூனிகேட்டர் காட்டும் இடங்களில் எல்லாம் பொருள்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். குடியிருப்புப் பகுதியில் ஒரு வீடு இருக்கிறது, உள்ளே நுழைந்து தேடிப் பார்ப்பவருக்கு மட்டும் திறக்கும் காட்சி. கதவுக்கு அப்பால் வீடு இருக்காது. முதல் கேமின் பீக்கன் மருத்துவமனை நடைபாதை இருக்கும். அதில் அனிமா என்ற பெண் பேய். அவளைச் சுட்டுத் தப்ப முடியாது, மறைந்து நகரத்தான் முடியும். அவள் முனகிக்கொண்டே வருவாள், என்ன பாட்டு என்று கவனித்தால் குலை நடுங்கும்: டெபுஸ்ஸியின் கிளேர் டு லூன். முதல் கேமில் சேவ் செய்யும் அறைக்கு அருகில் போனால் கேட்கும் அதே இசை, ‘இங்கே உனக்கு ஒன்றும் ஆகாது’ என்று முழுக் கேம் நேரமும் நம்மைப் பழக்கிய இசை. அதைச் சுருதி பிசகிய முனகலாக்கிப் பேயின் வாயில் வைத்துவிட்டார்கள். ஓர் இரண்டாம் பாகம், முதல் பாகத்தை ஆடியவரின் ஞாபகத்தையே ஆயுதமாக எடுத்து அவர்மேல் எறிவதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்காது. பதினான்காம் அத்தியாயத்தில் முதல் கேமின் பெரிய எதிரிகளான சேடிஸ்ட், பெட்டித் தலைக் கீப்பர் ஆகியோரை மறுபடி இறக்குகிறார்களே, அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது வெறும் பழைய முகங்களின் ஊர்வலம். விசிலடிக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை.

எட்டாம் அத்தியாயம் வரை, அதாவது ஸ்டெஃபானோவோடு அரங்கில் நடக்கும் சண்டை வரை, கேம் தன் பலத்தைக் கையில் வைத்திருக்கிறது. அப்ஸ்கூரா என்ற அவனது படைப்பு, தலைக்குப் பதில் பழைய புகைப்படக் கருவி, முக்காலிபோல வளைந்த கால்கள், முனகல். அது படம் எடுத்தால் அந்தச் சட்டகத்துக்குள் இருக்கும் எல்லாமே சற்று நேரம் உறைந்துவிடும். அதை நேராக நின்று சுடுவது முட்டாள்தனம். மேசை, தூண் எதையாவது நடுவில் வைத்துக்கொண்டு அதன் பார்வைக் கோட்டை முறித்தபடி நகர வேண்டும். ஸ்டெஃபானோவும் அப்படியே: மறைந்து மறைந்து தோன்றி ஒரே கோட்டில் பாய்ந்து வருவான். பாயும் முன் ஒதுங்கி, பாய்ந்து முடித்துத் தடுமாறும் ஒரு நொடியில் ஷாட்கன். பதறிச் சுடுபவர்களுக்குத் தோட்டா காலியாகும், காத்திருப்பவர்களுக்கு மிஞ்சும்.

அதற்குப் பிறகு கொள்ளிக் கொளுத்தும் தியோடோர் வாலஸ், அவன் பக்தர்கள், தீ, சுரங்கம். பயத்தைவிட ஆர்ப்பாட்டம் அதிகம். அப்கிரேடுகளும் சேர்ந்துவிட்டன, துப்பாக்கிகளும் பெருகிவிட்டன. ஒவ்வொரு பிணமும் ஜெல் தருகிறது என்பதால், பதினோராம் அத்தியாயத்துக்குப் பிறகு எதிரியைப் பார்த்தாலே ‘வா ராசா’ என்று தோன்றத் தொடங்கும். ஹாரர் கேமில் எதிரியைப் பார்த்து மகிழ்ச்சி வந்தால் எங்கோ கணக்கு தப்பிவிட்டது என்று பொருள். இறுதி அத்தியாயங்கள் கதையாக நன்றாக முடிகின்றன. அப்பா, அம்மா, மகள் மூவருக்குமான கணக்கைத் தீர்ப்பதில் கேம் அக்கறை காட்டுகிறது. அது வேறு மதிப்பெண்.

எந்த நிலையில் ஆடுவது என்று கேட்டால்: ஹாரர் பழக்கம் இருப்பவர்கள் நேராக நைட்மேர் என்ற கடின நிலைக்குப் போகலாம். எதிரி அடி பலமாக இருக்கும், பொருள் குறைவாக இருக்கும், மேலே சொன்ன காபிப் பிரச்சினை பாதியாகக் குறையும். சர்வைவலில் தொடங்குபவர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: காபி மெஷினை அத்தியாயத்துக்கு ஒரு முறைக்கு மேல் தொடுவதில்லை. கேஷுவல் நிலை கதைக்காக மட்டும். கேம் வெளியான பிறகு இலவசமாக வந்த அப்டேட்டுகளில், பாத்திரத்தின் கண் வழியே பார்க்கும் முதல் நபர் பார்வையும் (2018 பிப்ரவரி), ஒரே அடியில் சாகும் அகுமு நிலையும் கிடைத்தன. முதல் நபர் பார்வையில் வீடுகளுக்குள் நடப்பது உண்மையிலேயே கலங்கடிக்கும். ஆனால் மறைவுக்குப் பின்னாலிருந்து சுற்றுமுற்றும் பார்ப்பது அதில் கடினமாகிவிடுவதால் ஸ்டெல்த் பாதி செயலிழக்கிறது. இரண்டாம் முறை ஆடுபவர்களுக்கு ஏற்றது.

ஒரு முறை முடித்தவருக்குத்தான் கிளாசிக் நிலை. மெனுவில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது, பெரும்பாலோர் தொடுவதே இல்லை. அதன் விதிகள் மூன்றே: ஆட்டோசேவ் (தானாகச் சேமிப்பது) கிடையாது. செபாஸ்டியனுக்கும் ஆயுதங்களுக்கும் எந்த அப்கிரேடும் கிடையாது. மொத்தக் கேமுக்கும் ஏழு சேவ்.

சேவ்களைக் குறைப்பது புதிதல்ல. 2011-ன் டெட் ஸ்பேஸ் 2 தன் கடினமான நிலையில் மூன்று சேவ்களே கொடுத்தது. இங்கே கேமையே மாற்றிப்போடுவது இரண்டாம் விதி. அப்கிரேட் இல்லை என்றால் பச்சை ஜெல்லுக்கு மதிப்பில்லை. ஜெல்லுக்கு மதிப்பில்லை என்றால் தெருவில் நிற்கும் லாஸ்ட்டைக் கொல்வதில் ஒரு பைசா லாபமில்லை, கண்டுபிடிக்கப்படும் ஆபத்து மட்டும்தான் மிச்சம். திடீரென்று 1998-ன் கணக்கு திரும்பி வந்துவிடுகிறது. அதே ஊர், அதே தெரு, அதே மூன்று பேர். ஆனால் இப்போது வேலிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர்கள் போகும்வரை காத்திருக்கிறோம். காபி மெஷின் அப்படியே இருக்கிறது, ஆனால் அங்கே போய்வரும் தூரத்துக்கு இப்போது விலை உண்டு, ஏனென்றால் வழியில் செத்தால் கடைசி சேவ் வரை, அதாவது இரண்டு மூன்று மணி நேரம், பின்னால் போக வேண்டும். ஆம்புஷ் கிடையாது, பதுங்கு நடை மந்தம், குறி ஆடும். புகை அம்பு தங்கம். டாங்கோ செய்த கேம்களில் மிகச் சிறந்தது இந்த நிலைதான் என்று தயங்காமல் சொல்லலாம். அதை முதல் ஆட்டத்திலேயே கொடுக்காமல் பூட்டி வைத்ததுதான் இந்த இரண்டாம் பாகத்தின் மீதான பெரிய புகார்.

இந்தத் தொடருக்கு மூன்றாம் பாகம் வருமா என்று கேட்பவர்கள் அதிகம் நம்பிக்கை வைக்க வேண்டாம். ஜொஹானஸ் அடுத்து 2023-ல் ஹை-ஃபை ரஷ் என்ற தாளக் கேமை இயக்கினார், மிகாமி அதே ஆண்டு நிறுவனத்தை விட்டு விலகினார். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் டாங்கோவை மூடுவதாக அறிவித்தது. ஆகஸ்டில் தென்கொரியாவின் கிராஃப்டன் அதை வாங்கிக்கொண்டது, ஹை-ஃபை ரஷ்ஷோடு சேர்த்து. தி ஈவில் விதின் அந்தப் பேரத்தில் இல்லை.

கிளாசிக்கில் இறங்குபவர்களுக்கு ஏழு சேவ்களை எங்கே வைப்பது என்ற யோசனை மட்டும் பாக்கி. முதல் இரண்டு அத்தியாயங்களை மனப்பாடமாக ஓடிவிடலாம், அங்கே ஒன்றையும் வீணாக்காதீர்கள். மூன்றாம் அத்தியாயத்தில் குறுக்குவில் கையில் வந்து, குடியிருப்புப் பகுதியைப் பொறுக்கி முடித்ததும் முதல் சேவ். அனிமா வீட்டுக்குள் போவதாக இருந்தால் இதற்குப் பிறகுதான் போக வேண்டும். ஆறாம் அத்தியாயம் முடியும் தறுவாயில் இரண்டாவது. ஸ்டெஃபானோவின் அரங்குக்குள் நுழையும் முன், ஊசியும் ஷாட்கன் தோட்டாவும் நிரம்பிய நிலையில், மூன்றாவது. பாதித் தோட்டாவோடு இந்த மூன்றாவது சேவ் போட்டால் அந்த ஓட்டமே அங்கேயே முடிந்துவிடும், முதலிலிருந்து தொடங்குவதே மேல். பதினோராவதில் நான்காவது, பதின்மூன்றாவதில் வணிகப் பகுதிக்குத் திரும்பி, மிச்சமிருந்த பொருட்களைப் பொறுக்கியதும் ஐந்தாவது. முதல் கேமின் பாஸ்கள் (பெரிய எதிரிகள்) வரிசையாக வரும் பதினான்காவதற்குள் போகும் முன் ஆறாவது. இதற்குக் குறைந்தது இரண்டு உறைபனி அம்பும் சில வெடி அம்பும் சேமித்திருக்க வேண்டும். ஏழாவதை பதினைந்தாவது அத்தியாயம் வரை தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது இடையில் கை அரித்து ஒன்றைக் கூடுதலாகப் போட்டுவிட்டால், மூன்றாவதையும் ஆறாவதையும் விட்டுக்கொடுக்காமல் இரண்டாவதைத் தியாகம் செய்யலாம்.